கல்லூரி சாம்பியன், தொழில்முறை ஆட்டக்காரர், பயிற்சியாளர்: வேலூர் மாணவருக்கு இந்த வழி உண்டா?

வேலூர்க் கல்லூரி ஒன்றில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி, கல்லூரிகளுக்கிடையிலான டென்னிஸ் போட்டியில் இரண்டு ஆண்டுகளும் ஒற்றையர் ஆட்டத்தில் தோற்கவில்லை என்றும், பட்டம் வாங்கியதும் தொழில்முறை ஆட்டக்காரராகி, சில ஆண்டுகளுக்குப் பின் பயிற்சியாளராக வேண்டும் என்கிறார் என்றும், அந்த வழியில் யாராவது போயிருக்கிறார்களா, குடும்பம் துணை நிற்கலாமா என்றும் அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார். வடஆர்க்காட்டுப் பகுதிக் கல்லூரி டென்னிஸை ஆட்டக்காரனாகவும் பிறகு பயிற்றுநனாகவும் நெடுங்காலம் பார்த்து வருபவன் என்ற முறையில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள். குடும்பம் துணை நிற்கலாம் என்பதும் என் கருத்து. ஆனால் நம் வீடுகளில் இந்த மூன்று கட்டங்களையும் எடை போடும் விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கல்லூரிப் பட்டத்தைத் தொழில்முறைக்கான நுழைவுச்சீட்டு என்றும், தொழில்முறை ஆட்டத்தையே உண்மையான வாழ்க்கை என்றும், பயிற்சியாளர் பணியை அது கைகூடாதவர்கள் ஒதுங்கும் இடம் என்றும் எண்ணிக்கொள்கிறோம். வேலூரிலிருந்து புறப்படும் ஒரு மாணவருக்குப் பயிற்சியாளர் பணிதான் முப்பது நாற்பது ஆண்டுகள் நீளக்கூடிய வாழ்க்கை. தொழில்முறை ஆண்டுகள் அதற்கான படிப்பு. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கருத்தை ஒட்டியே இருக்கும்.

முதலில் போனவர்களைப் பற்றிச் சொல்கிறேன். பெரு நாட்டில் அரெகிப்பா என்ற ஊரின் டென்னிஸ் கிளப்பில் ஆடுகளங்களைப் பராமரித்து வந்தவருடைய மகன் அலெக்ஸ் ஒல்மெடோ. நம் ஊர் கிளப்புகளில் மார்க்கர் என்று அழைக்கிறோமே, ஏறக்குறைய அத்தகைய குடும்பம். அமெரிக்கா சென்று, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவராக 1956-லும் 1958-லும் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கான ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1959-ல் ஆஸ்திரேலியப் பட்டமும் விம்பிள்டன் பட்டமும் அவருக்கே கிடைத்தன. 1960-ல் தொழில்முறைக்கு மாறினார். அன்று அப்படி மாறியவருக்கு விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகளின் கதவு அடைபட்டுவிடும். 1968-ல்தான் அந்தத் தடை நீங்கியது. தொழில்முறை ஆட்டம் ஓய்ந்த பிறகு பெவர்லி ஹில்ஸ் ஹோட்டலின் ஆடுகளத்தில் பல பத்தாண்டுகள் ஒல்மெடோ டென்னிஸ் கற்றுக்கொடுத்தார். விம்பிள்டன் சாம்பியனாக வலம்வந்த காலத்தைவிடப் பயிற்சியாளராக இருந்த காலம் பல மடங்கு நீண்டது.

அதே பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பின் வந்த டென்னிஸ் ரால்ஸ்டன் என்பவரின் (டென்னிஸ் என்பது அவருடைய பெயரே) வரலாறு உங்கள் தம்பியின் எண்ணத்தோடு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. 1963, 1964 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்லூரி ஒற்றையர் சாம்பியன். 1966 விம்பிள்டன் இறுதியில் மனுவல் சாந்தானாவிடம் தோற்றவர். பிறகு லாமர் ஹண்ட் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் திரட்டிய எண்மர் குழுவில் ஒருவராகத் தொழில்முறைக்குச் சென்றவர். 1963-ல் பம்பாயில், நாடுகளுக்கிடையிலான அணிப் போட்டியான டேவிஸ் கோப்பையின் மண்டலங்களுக்கிடையிலான இறுதியில் இந்தியாவை 5-0 என்று வென்று, ஆண்டின் இறுதியில் அடிலெய்டில் ஆஸ்திரேலியாவிடமிருந்து கோப்பையையும் பறித்த அமெரிக்க அணியில் அவர் இருந்தார். முழங்கால் வலி ஆட்டத்தைக் குறைத்த பிறகு அமெரிக்க டேவிஸ் கோப்பை அணிக்கு முதலில் பயிற்சியாளர், பின்னர் 1972 முதல் 1975 வரை தலைவர். அந்த 1972-ல் புக்கரெஸ்ட் நகரில் ருமேனியாவை அதன் சொந்தக் களிமண் ஆடுகளத்திலேயே வென்ற அணி அவருடையது. 1980-களில் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழக அணியைப் பயிற்றுவித்துக்கொண்டே கிறிஸ் எவர்ட்டுக்கும் பயிற்சியாளராக இருந்தார். முப்பது வயதை எட்டிவிட்ட எவர்ட், தொடர்ந்து தன்னை வீழ்த்திவந்த மார்ட்டினா நவரத்திலோவாவை 1985, 1986 பிரெஞ்சு ஓபன் இறுதிகளில் வென்றது அந்தக் காலத்தில்தான். பிற்காலத்தில் இடது காலின் கீழ்ப்பகுதியை அறுவை சிகிச்சையில் இழந்த பின்னரும் ரால்ஸ்டன் கற்றுக்கொடுப்பதை விடவில்லை. ஆட்டக்காரராக அவர் ஒற்றையரில் பெரும் பட்டம் எதையும் வெல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளராக அவர் அடைந்த உயரத்துக்கு அது தடையாக இருக்கவில்லை.

நம் மாநிலத்துக்கு வருவோம். கல்லூரி ஆட்டத்துக்கும் உலகத் தரத்துக்கும் இடையே ஒரு காலத்தில் சென்னையில் நேரடிப் பாலம் இருந்தது. லயோலா கல்லூரி நடத்திய பெர்ட்ரம் போட்டி கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே உரியது. 1951-ல் பள்ளி மாணவராக இருந்த ராமநாதன் கிருஷ்ணன், கல்லூரி முதல்வரிடம் தனி அனுமதி கேட்டு வாங்கி, அதில் கலந்துகொண்டு பட்டத்தையும் வென்றார். 1954-ல் விம்பிள்டன் இளையோர் பட்டம், 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி என்று அவருடைய பயணம் நீண்டது. 1959-ல் தொழில்முறைப் போட்டிகளை நடத்திவந்த ஜாக் கிரேமர் பெருந்தொகை தருவதாகச் சொல்லித் தொழில்முறைக்கு அழைத்தும் அவர் போகவில்லை. போயிருந்தால் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடியிருக்க முடியாது, 1966-ல் இந்தியா இறுதிவரை வந்த வரலாறும் வேறாக இருந்திருக்கும். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் தந்தை டி.கே. ராமநாதன், 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு இளையோர் பட்டங்கள் இரண்டையும் வென்ற ரமேஷ் கிருஷ்ணன் அவருடைய மகன். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஆட்டமும் பயிற்றுவித்தலும் பிரியாமல் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டு டென்னிஸின் பலம் சென்னையிலேயே தங்கிப்போனதற்கும் இதுவே ஒரு காரணம் என்று கருதுகிறேன். கற்றுக்கொடுப்பவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் ஆட்டம் வளர்கிறது.

கல்லூரிச் சாம்பியன் என்ற சொல்லை இன்று இந்தியர் ஒருவருக்கு முழுத் தகுதியோடு சூட்டலாம் என்றால் அவர் சோம்தேவ் தேவ்வர்மன். திரிபுராவைச் சேர்ந்த குடும்பம். இளம் வயதில் சென்னைக்கு வந்து இங்கேதான் டென்னிஸில் தேர்ந்தார். பிறகு அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2006-ல் தேசியக் கல்லூரி ஒற்றையர் இறுதியில் தோற்றார். 2007-லும் 2008-லும் வென்றார். 2008 பருவத்தில் 44 ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டுமே தோற்றார். 2009 ஜனவரியில், உலகத் தரவரிசையில் இருநூறுக்கு அப்பால் இருந்தபோது, வைல்டு கார்டு, அதாவது அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதி, பெற்றுச் சென்னை ஓபனில் களமிறங்கி, முன்னாள் முதல்நிலை வீரர் கார்லோஸ் மோயாவையும் ஈவோ கார்லோவிச்சையும் வென்று இறுதிக்கு வந்து, மரின் சிலிச்சிடம் தோற்றார். 2010-ல் தில்லி காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம், குவாங்சௌ ஆசியப் போட்டியில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம். 2011-ல் தரவரிசையில் 62-ஆம் இடம். அதன்பின் தோள் காயம் வந்து வேகத்தைக் குறைத்தது. 2017-ன் முதல் நாளில் ஓய்வை அறிவித்தார்.

இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. 2007 கல்லூரி இறுதியில் சோம்தேவிடம் தோற்றவர் ஜான் இஸ்னர். மூன்று செட்டுகளில் இரண்டு டைபிரேக்கரில் முடிந்த ஆட்டம் அது. தோற்ற இஸ்னர் பின்னாளில் உலகின் எட்டாம் இடம் வரை போனார். வென்ற சோம்தேவ் 62-இல் நின்றார். இருவரில் யார் உழைப்பாளி என்ற கேள்வியே எழவில்லை. ஏறத்தாழ 6 அடி 10 அங்குல உயரத்திலிருந்து இஸ்னர் இறக்கிய சர்வ் (புள்ளியைத் தொடங்கிவைக்கும் அடி), கல்லூரி ஆட்டத்தில் அவருக்குத் தந்த பலனைவிடத் தொழில்முறையில் பல மடங்கு தந்தது. கல்லூரியில் யாரையும் களைப்படையச் செய்த சோம்தேவின் ஓட்டமும் பொறுமையும், தன்னைவிட வேகமாகப் பந்தை அடித்து ஆட்டத்தை விரைவில் முடிப்பவர்களிடம் அந்த அளவுக்குச் செல்லுபடியாகவில்லை. ஆகவே ஒருவர் கல்லூரியில் எதை வைத்து வெல்கிறார் என்று பார்க்க வேண்டும். அந்த ஆயுதம் மேலே போகப் போக வலுக்குமா, மழுங்குமா என்பதே கேள்வி.

உங்கள் தம்பியிடம் பார்க்க வேண்டியதை ஒன்றாகச் சுருக்கச் சொன்னால் இரண்டாவது சர்வ், அதாவது முதல் சர்வ் தவறினால் கிடைக்கும் மறுவாய்ப்பு, என்பேன். நம் பகுதிக் கல்லூரி ஆட்டங்களில் முதல் சர்வ் தவறியதும் பந்தை மெதுவாக நடுவில் போட்டுவிட்டு, எதிரி அதைத் திருப்பியனுப்பிய பிறகு ஓட்டத்தால் புள்ளியைச் சம்பாதிப்பது வழக்கம். பெரும்பாலானோர் அதைத் தண்டிக்கத் தெரியாமல் நடுவிலேயே திருப்பி அனுப்புவதால் அந்தக் குறை வெளியே தெரிவதில்லை. தொழில்முறைப் போட்டியின் தகுதிச் சுற்றிலேயே, அதாவது முதன்மைச் சுற்றில் இடம் பிடிக்க ஆடும் சுற்றிலேயே, அந்தப் பந்து ஒரே அடியில் மூலைக்குப் போய்விடும். உலகின் முன்னணி வீரர்களே இரண்டாவது சர்வில் பாதிக்குச் சற்று மேல்தான் புள்ளி எடுக்கிறார்கள். எனவே அடுத்து வரும் ஆட்டங்களில் யாராவது ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டாவது சர்வ் எத்தனை போட்டார், அவற்றில் எத்தனை புள்ளி வென்றார், எத்தனை இரட்டைப் பிழை (இரண்டு சர்வும் தவறுவது) என்று எழுதட்டும். எதிரி சென்னையிலோ பெங்களூரிலோ முறையாகப் பயிற்சி பெற்றவராக இருக்கும் ஆட்டங்களை மட்டும் கணக்கில் எடுங்கள். பத்து ஆட்டங்களின் அந்தக் கணக்கு, அலமாரியில் உள்ள கோப்பைகளைவிட அதிகம் சொல்லும்.

கோப்பைகளைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். நம் கல்லூரி அமைப்பில் ஆட்டங்கள் மிகக் குறைவு என்பதே என் கவலை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, அதிலிருந்து பல்கலைக்கழக அணி, அணி தென்மண்டலத்தில் ஆடி முன்னேறினால் அகில இந்தியப் போட்டி என்பதே இங்குள்ள படிக்கட்டு. 2020 முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளும் சேர்ந்திருக்கின்றன. அணி முதல் சுற்றிலேயே தோற்றால் திறமையான மாணவருக்கும் அந்த ஆண்டு அத்தோடு முடிந்துவிடும். சோம்தேவுக்கு ஒரே பருவத்தில் 45 ஆட்டங்கள் கிடைத்ததை இதனோடு வைத்துப் பாருங்கள். அங்கே பயிற்சியாளர், உடற்பயிற்சி வல்லுநர், பயணம், தங்குமிடம் எல்லாம் பல்கலைக்கழகச் செலவு. எதிரே நிற்பவர்கள் பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இளையோர் வீரர்கள். அங்கே பட்டம் வெல்பவர் நான்காண்டுத் தொழில்முறைப் பயிற்சியை முடித்துவிட்டே வெளியே வருகிறார். 2023 முதல் அமெரிக்கக் கல்லூரித் தரவரிசையில் முதல் 20 பேருக்கு, பெரும் தொழில்முறைப் போட்டிகளுக்கு அடுத்த படியான சேலஞ்சர் நிலைப் போட்டிகளில் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. நம் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அப்படி எந்த இணைப்பும் இல்லை.

அப்படியானால் அமெரிக்கக் கல்லூரிக்கே போகலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். போகலாம், ஆனால் காலம் கடந்துகொண்டிருக்கிறது. அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டின் உயர்நிலையான முதல் பிரிவின் விதிகளின்படி, உலகில் எந்தக் கல்லூரியிலாவது முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், வேலூரில் பி.காம். சேர்ந்ததும் அந்தக் கணக்கில் வரும். மூன்றாண்டு முடித்துவிட்டு முதுகலைக்குப் போகிறவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் மிஞ்சலாம், இடையில் ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டால் அதுவும் குறையும். பரிசுப்பணம் வாங்குவதிலும் வரம்புகள் இருந்து வந்திருக்கின்றன. உதவித்தொகையைப் பொறுத்தவரை, ஆண்கள் அணிக்கு நெடுங்காலம் நாலரை முழு உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டிருந்தன. பெண்கள் அணிக்கு எட்டு. 2025-ல் அந்த முறை மாறிவிட்டது. ஆகவே தரகர்களின் பேச்சை நம்பாமல், ஆட்டக் காணொளியையும் மதிப்பெண் பட்டியலையும் அந்தந்தப் பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்கு நேரடியாக அனுப்பி, விதிகளை அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிமுறை அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எழுதுவதானால் இந்தப் பருவம் முடிவதற்குள் எழுத வேண்டும்.

இனி பணம். தொழில்முறையின் அடிப்படியில் நடப்பவை மொத்தப் பரிசுத்தொகை 15,000 டாலர் உள்ள போட்டிகள். ஒரு வாரம் முழுவதும் ஆடி ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு வழக்கமான பங்கீட்டின்படி 2,160 டாலர்; முதன்மைச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்பவருக்கு 156 டாலர்; தகுதிச் சுற்றில் தோற்றால் ஒன்றும் இல்லை. இந்தத் தொகைகளிலிருந்தும் வரி பிடிக்கப்படும். உலக டென்னிஸ் கூட்டமைப்பு 2013-ஆம் ஆண்டை வைத்துச் செய்த ஆய்வில், தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய ஏறத்தாழ 14,000 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கவில்லை. வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களுக்கு 336-ஆம் தரவரிசை, பெண்களுக்கு 253. அந்தச் செலவில் பயிற்சியாளரின் ஊதியம் சேர்க்கப்படவில்லை. பரிசுத்தொகைகள் அதன்பின் ஓரளவு உயர்ந்துள்ளன. விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் சேர்ந்தே உயர்ந்துள்ளன. நிலத்தை விற்று அனுப்பிய குடும்பங்களை நான் அறிவேன். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு புள்ளியிலும் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆடியதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அதற்காகத் தொழில்முறை ஆட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள், இவ்வளவு தொகை, இந்தியாவில் நடக்கும் போட்டிகள் என்று எல்லை போட்டுக்கொண்டு ஆடட்டும். முதலில் தேசியத் தரவரிசைப் போட்டிகள்; அவற்றில் இடம் உயர்ந்தால் சர்வதேசப் போட்டிகளின் தகுதிச் சுற்று. அதற்கு ஐபின் எண் என்ற சர்வதேச ஆட்டக்காரர் அடையாள எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். காட்பாடி இதற்கு நல்ல இடம் என்பதை நம்மவர்கள் உணர்வதில்லை. சென்னை ஒரு பக்கம், பெங்களூர் மறுபக்கம். பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு நகரங்களில் எதற்கும் சில மணி நேரத்தில் போய்விடலாம். தென்னிந்தியாவின் பெரும்பாலான போட்டிகளும் நல்ல பயிற்சி எதிரிகளும் இந்த இரு நகரங்களில்தான் இருக்கிறார்கள். விடுதி வாடகையில் பெரும்பகுதியை இந்த ரயில் பாதை மிச்சப்படுத்தும்.

முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்றால்கூட ஒரு தரவரிசைப் புள்ளி கிடைக்கும். இரண்டாண்டில் அந்த ஒரு புள்ளி வந்தாலும் வராவிட்டாலும், தகுதிச் சுற்றுகளில் ஆடியவருக்கு வேறொன்று நிச்சயம் கிடைக்கும். தன் ஆட்டம் எங்கே உடைகிறது, உடையும்போது உடலும் மனமும் என்ன செய்கின்றன, தோற்ற மறுநாள் காலை எப்படி எழுந்து பயிற்சிக்குப் போவது என்பதையெல்லாம் அவர் அனுபவித்து அறிந்திருப்பார். பதினைந்து வயது மாணவி ஒருத்தி டைபிரேக்கரில் கை நடுங்கி நிற்கும்போது, அந்த அறிவு உள்ள பயிற்சியாளரின் சொல்லுக்கும் இல்லாதவரின் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு ஆடுகளத்தில் அப்பட்டமாகத் தெரியும். தொழில்முறை ஆண்டுகளைப் படிப்பு என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

ஆனால் அந்தப் படிப்பு மட்டும் ஒருவரைப் பயிற்சியாளர் ஆக்கிவிடாது. நன்றாக ஆடுகிறவர் ஏழு வயதுக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வலைக்கு அப்பால் நின்று, தன் ராக்கெட்டால் வழக்கமான மஞ்சள் பந்தைத் தட்டி அனுப்புவார். பந்து தரையில் பட்டுக் குழந்தையின் தலைக்கு மேல் எழும். குழந்தை என்ன செய்யும்? எழும் பந்தை எட்டிப் பிடிக்க, கைப்பிடியில் உள்ளங்கையை அடிப்பக்கமாகத் திருப்பிக்கொள்ளும். மாதக்கணக்கில் அப்படியே ஆடினால் அந்தப் பிடி கையில் உறைந்துவிடும். பத்து ஆண்டுகள் கழித்துத் தாழ்ந்து வரும் பந்தை எடுக்கத் தெரியாத ஆட்டக்காரராக நிற்கும். தேர்ந்த பயிற்சியாளர் வலைக்கு இந்தப் பக்கம், குழந்தைக்கு நாலடி தூரத்தில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, கூடையிலிருந்து சிவப்புப் பந்தை எடுத்துக் கையாலேயே மெதுவாகப் போடுவார். அந்தப் பந்து வழக்கமான பந்தைவிட 75 சதவீதம் மெதுவானது. ஆடும் களமும் முழு நீளமான 78 அடிக்குப் பதில் 36 அடி. பந்து குழந்தையின் இடுப்பளவில் வரும். பிடி இயல்பாக அமையும். தோள் தானாகத் திரும்பும். அடுத்து ஆரஞ்சு நிறப் பந்து 60 அடிக் களத்தில், அதன்பின் பச்சைப் புள்ளிப் பந்து முழுக் களத்தில். பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்து கூடாது என்று 2012-லிருந்து உலக அளவில் விதியே இருக்கிறது. நம் மாவட்டங்களில் இன்னும் பல இடங்களில் பழைய மஞ்சள் பந்துதான் உருள்கிறது. வாங்கிப் போடுவதற்குப் பணம் இல்லாததைவிட, ஏன் போட வேண்டும் என்று அறிந்தவர் இல்லாததே காரணம்.

இதை முறையாகக் கற்க வழிகள் உண்டு. உலக டென்னிஸ் கூட்டமைப்பின் பாடத்திட்டப்படி அகில இந்திய டென்னிஸ் சங்கம் நடத்தும் பயிற்சியாளர் வகுப்புகள் படிப்படியாக மேலே போகின்றன. தொடக்க வகுப்பை உங்கள் தம்பி கல்லூரி விடுமுறையிலேயே முடித்துவிடலாம். பட்டியாலாவிலுள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டுக் கழகத்தின் டிப்ளமோ, அரசுப் பயிற்சியாளர் பணிகளுக்குக் கேட்கப்படும் தகுதி. டென்னிஸுக்கு அந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்பதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பணியில் விருப்பம் இருந்தால் பி.காம். முடித்தபின் பி.பி.எட்., எம்.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டங்களுக்குப் போகலாம், சென்னை நந்தனத்தில் 1920-ல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி இதற்குப் பெயர் பெற்றது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் அவர் வாங்கிய சான்றிதழ்கள் அந்தச் சேர்க்கையில் பயன்படும். எனவே அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். வணிகவியல் படிப்பையும் அலட்சியப்படுத்த வேண்டாம். பின்னாளில் பயிற்சி மையம் நடத்துகிறவருக்கு ஆடுகள வாடகை, மின்விளக்குச் செலவு, பந்துச் செலவு, பெற்றோர் கட்டணம் எல்லாவற்றையும் கணக்குப் பார்க்க வேறு யாரையும் தேட வேண்டியிருக்காது.

வேலூரில் அப்படியொரு மையத்துக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் வென்றார். அவர் தனியாக முளைத்தவர் அல்லர். அந்தப் பகுதியில் பளுதூக்கும் கூடங்களும், மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கமும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. டென்னிஸுக்கு நம் ஊரில் ஆடுகளங்கள் உண்டு. கல்லூரிகளில், கிளப்புகளில், பெரிய வளாகங்களில் உண்டு. மாலை நாலு மணிக்கு மார்க்கர் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுத் தயாராக்கிய களிமண் களத்தில் ஐந்தரை வரை யாரும் இறங்காமல் கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர் ஆடலாம். மருத்துவமனையிலும் பல்கலைக்கழகத்திலும் வேலைக்காக இங்கு வந்து குடியேறியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித்தர ஆள் தேடுகின்றன. கிடைக்காமல் சனி ஞாயிறுகளில் சென்னைக்கு அழைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த மார்க்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எந்தச் சான்றிதழும் இல்லாமல், பந்து பொறுக்கும் சிறுவர்களாக வந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர்கள் பலர். எந்தப் பந்தையும் எதிராளிக்கு ஏற்ற இடத்தில், ஏற்ற வேகத்தில் திருப்பிக் கொடுக்கும் அவர்களுடைய கையை எந்த வகுப்பும் கற்றுத் தராது. உங்கள் தம்பி மையம் தொடங்கும் நாளில் அனுபவமுள்ள ஒரு மார்க்கரைச் சமமான மதிப்போடும் நியாயமான சம்பளத்தோடும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். ஒல்மெடோவின் தந்தை போன்றவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மீதமுள்ள கல்லூரிக் காலத்தில் மாதம் ஒரு தேசியத் தரவரிசைப் போட்டியிலாவது ஆட வேண்டும். தேர்வு மாதங்களில் வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை, சம்பளம் எதிர்பார்க்காமல், அருகிலுள்ள நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் உதவியாளராக நின்று சிறுவர்களுக்குக் கையால் பந்து போடட்டும். அதில் அவருக்குப் பொறுமை இருக்கிறதா, குழந்தைகள் மறுநாளும் அவரைத் தேடி வருகிறார்களா என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். வேலூர் வெயிலில் மே மாத நண்பகல் பயிற்சி வேண்டாம். காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். குடும்பத்தின் சார்பில் நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, பயணம், நுழைவுக் கட்டணம், ஸ்ட்ரிங், காலணி, மருத்துவம் என்று ஒவ்வொரு போட்டிக்கும் ஆன செலவை எழுதுங்கள்; பட்டம் பெறும் நாளில் அந்த நோட்டைப் பிரித்து, தொழில்முறை ஆட்டத்துக்கு ஒதுக்கப் போகும் இரண்டாண்டுத் தொகையை மூவரும், அதாவது நீங்களும் தம்பியும் அப்பாவும், ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இரண்டாவது சர்வ் கணக்கை எழுதி முடித்ததும் அனுப்பிவையுங்கள். அதைப் பார்த்த பிறகு எந்தப் போட்டியிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.